இன்னொரு டிக்கெட் யாருக்கு?

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறுவதைக் குறைத்துக்கொண்டீர்களா, இல்லை இன்னும் வீம்புக்கு ஏறுகிறீர்களா?

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். மணி அடித்தால் சின்னவன் விழித்துக்கொள்கிறான். அவர் எடுத்தால் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதம்தான் சத்தம் போடாது.

டாக்டரம்மா குழந்தைகளைத் தினமும் வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். போகிறோம். முதலில் சின்னவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு குழந்தை வண்டியைப் படிப்படியாக இறக்க வேண்டும். பெரியவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து, "வா வா வா, நிறுத்து!" என்று லாரிக்குப் பின்னால் நிற்கும் கிளீனர் மாதிரி கத்துவாள். அவளுக்கு நாலு வயதுதான், அதிகாரம் நாற்பது. செருப்பு கால் மாறியிருக்கும். மாற்றிப் போட்டால் அழுவாள். கிளம்பி முடிப்பதற்குள் திரும்ப வேண்டிய நேரம் வந்துவிடும்.

நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்த வாசலைத் தாண்டினாலும் இரண்டு பேர் தலையையும் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவேன். எண்ணாமல் கதவைச் சாத்த மாட்டேன். பால் குடிக்கிற பிள்ளைக்கு இரவும் பகலும் ஒன்று. அதனால் எனக்கும் ஒன்று. தலை ஒரு மாதிரி மந்தமாக இருக்கிறது. எண்ணிக்கொண்டால் தைரியம்.

அண்ணா, ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போக முடியுமா? எந்த வேலையும் செய்ய வேண்டாம். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் போதும். பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டால் போதும்.

உங்கள்
தங்கை

*

பிப்ரவரி 27

அன்புள்ள தங்கைக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. என்னை விட்டுப் போகாமல் இருப்பது அது ஒன்றுதான்.

நீ கேட்டதற்கு உடனே பதில் எழுதியிருக்கலாம். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன், ஆறவில்லை. உன் வீட்டில் நான் கடைசியாகச் சாப்பிட்ட நாள் உனக்கு நினைவிருக்கும். என் வேலை குடிநீர்ப் பரிசோதனை. தம்ளரை எடுத்ததும் முகர்ந்துவிட்டுக் குடிப்பது என் கைப்பழக்கம், தொழில் பழக்கம். உன் வீட்டுக்காரர் தன் சிநேகிதர்கள் முன்னால் என்ன சொன்னார்? "எங்க மச்சான் பெரிய படிப்பு படிச்சிட்டு தண்ணியை மோப்பம் பிடிக்கிற உத்தியோகம் பாக்குறாரு." மேஜையே சிரித்தது. நீயும் சிரித்தாய், வாயை முந்தானையால் மூடிக்கொண்டு. அந்த வாசலை மறுபடி மிதிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். உன் பெரியவள் என்னைத் "தண்ணி மாமா" என்று சொல்வதும் அவர் கற்றுக்கொடுத்ததுதானே?

இங்கே புதிதாக ஒன்று. ஆய்வகத்தில் நான் பியூரெட் குழாய் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பையன் எனக்கு மேலதிகாரியாகிவிட்டான். "சார், ஒரு கையெழுத்து" என்று நான் அவன் மேஜைக்குப் போக வேண்டும். அவனும் "சார்" என்றுதான் சொல்கிறான். அதுதான் இன்னும் எரிச்சல்.

பிள்ளை பெற்ற எல்லோருக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருக்கும் என்று படித்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி.

அன்புடன்
அண்ணன்

*

மார்ச் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

இந்த மாதம் நிறைய இடம் சுற்றினோம். நூலகத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு மூலை இருக்கிறது. பெரியவள் புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு அலமாரிக்கு வாசித்துக் காட்டினாள். நூலகர் அம்மா விரலை உதட்டில் வைத்தார். இவளும் பதிலுக்கு விரலை வைத்து, "நீங்கதான் சத்தம் போடுறீங்க" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் அந்த நேரம் போய்விட்டது.

ரயில் பார்க்கிற மேம்பாலத்துக்குப் போகிறோம். சரக்கு வண்டி போகும்போது பாலம் நடுங்கும், சின்னவன் கண்ணை அகல விரிப்பான். பூங்காவுக்குப் போகிறோம். ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டே இருப்பேன். "அம்மா போதும், இறங்கணும்" என்று அவள் கத்திய பிறகுதான் நிறுத்துவேன்.

நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கை சிவந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் வெந்நீர்க் குழாயைத் திறந்திருக்கிறேன் என்று தெரிந்தது. பெரிய காயம் இல்லை. சொல்ல வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

அவர் அன்றைக்குச் சொன்னது தப்பு. நான் சிரித்ததும் தப்பு. "தண்ணி மாமா" என்று அவர் கற்றுக்கொடுக்கவில்லை. பெரியவள் தானாக வைத்த பெயர். இப்போது அவளும் தம்ளரை முகர்ந்துதான் குடிக்கிறாள், தெரியுமா?

ஒரு வாரம் முடியாவிட்டால் இரண்டு நாள் வாருங்கள்.

தங்கை

*

ஏப்ரல் 12

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அலுவலகத்தில் தணிக்கை. அதனால் தாமதம்.

வெந்நீர்க் கொதிகலனின் சூட்டைக் குறைத்து வைக்கும் திருகு அடிப்பக்கத்தில் இருக்கும். உன் வீட்டுக்காரருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அடுத்தவன் உத்தியோகத்தைக் கேலி செய்ய நேரம் இருக்கிறது, திருகைத் திருப்ப நேரம் இல்லை போலும். சிறு பிள்ளைகள் உள்ள வீடு.

பெரியவள் முகர்ந்து குடிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். உண்மையா, என்னைச் சமாதானப்படுத்துவதற்கா? எப்படியானாலும், இத்துடன் ஒரு சாம்பிள் பாட்டில் அனுப்பியிருக்கிறேன். புதியது. உடையாது. மூடியில் நூல் கட்டியிருக்கிறேன், கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். வெளியே போகும் இடத்திலெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரச் சொல். ஆனால் முறையாகப் பிடிக்க வேண்டும். குழாயைத் திறந்தவுடன் பிடிக்கக் கூடாது. குழாயில் தேங்கியிருந்த தண்ணீர் போய், உள்ளே இருந்து புதுத் தண்ணீர் வரும் வரை ஓட விட வேண்டும். அதுவரை அசையாமல் நிற்க வேண்டும். இதை அவளுக்கு இரண்டு மூன்று தடவை சொல். என் மேலதிகாரிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

வருவதைப் பற்றி: முன்பு எழுதியதுதான்.

அண்ணன்

*

மே 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்கள் நலமா?

பாட்டில் வந்தது. பெரியவளுக்குப் பிடித்திருக்கிறது.

இங்கே வெயில். சின்னவன் குப்புற விழுகிறான். பல் வருகிற மாதிரி இருக்கிறது. இந்த மாதம் பூங்காவுக்குப் போனோம். திரும்பி வந்தோம்.

வேறு ஒன்றும் இல்லை.

தங்கை

*

ஜூலை 3

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை ஒரு மாதமாகப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன்.

இந்த முறை நீ என்னை வரச் சொல்லவில்லை. நல்லது. என் பிடிவாதம் உனக்குப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பெரியவள் எங்கே தண்ணீர் பிடித்தாள், எப்படிப் பிடித்தாள், என்ன சொன்னாள், ஒரு வரி கிடையாது. நூலகத்தில் விரல் வைத்ததை அவ்வளவு எழுதியவள் நீ. நான் அனுப்பிய பொருள் என்பதால் எழுதவில்லையோ? என்னைப் பற்றிய பேச்சே உன் வீட்டில் கூடாது என்று யாராவது சொல்லியிருந்தால் வெளிப்படையாகச் சொல். எனக்கு இது புதிதல்ல. அலுவலகத்திலும் நான் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது.

முழங்காலுக்குப் பட்டை போட்டிருக்கிறேன். நீ இந்த முறை அதையும் கேட்கவில்லை.

கை எப்படி இருக்கிறது?

அண்ணன்

*

ஜூலை 21

மச்சானுக்கு,

வணக்கம். நான் எழுதுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். கிழித்துப் போடுவதற்கு முன் படித்துவிடுங்கள். உங்கள் உடம்பு நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

மே மாதம் பூங்காவிலிருந்து திரும்பும்போது உங்கள் தங்கை பெரியவளை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பூங்காத் தோட்டக்காரர் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து இவள் குழந்தைகளை வெளியே கூட்டிக்கொண்டு போவதில்லை. தானும் வாசல் தாண்டுவதில்லை. கேட்டால் "ஒண்ணுமில்லை" என்கிறாள். சமைக்கிறாள், குளிப்பாட்டுகிறாள், எல்லாம் ஒழுங்காகச் செய்கிறாள். சாயங்காலம் ஆனதும் பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள்.

எனக்குக் கிடங்கில் ஷிப்ட். குளிர் அறைக்குள் இருந்தால் போன்கூட எடுக்க முடியாது. லீவு கேட்டேன், இல்லை என்றார்கள். டாக்டரிடம் போகலாம் என்றால் அவள் கிளம்ப மாட்டேன் என்கிறாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் நான் சொன்னது விளையாட்டுக்கு என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். அவள் எப்போது பார்த்தாலும் "எங்க அண்ணா மாதிரி படிச்சவங்க" என்பாள். அது எனக்குக் கசந்தது.

நீங்கள் என்னோடு பேச வேண்டாம். வந்தால் போதும்.

இப்படிக்கு
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

*

ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவர் உங்களுக்கு எழுதியதாகச் சொன்னார். நீங்கள் பதில் போடவில்லை என்பதும் தெரியும். போட வேண்டும் என்றில்லை. ஆனால் அவர் சொன்னது பாதிதான். மீதியையும் நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

பூங்கா வாசலில் எப்போதும் போல எண்ணினேன். "ஒண்ணு" என்று சின்னவன் தலையைத் தொட்டேன். "ரெண்டு" என்று என் நெஞ்சைத் தொட்டேன். இதுவரை நான் என்னை எண்ணியதே இல்லை அண்ணா. அன்றைக்கு என்னவோ எண்ணினேன். கணக்கு சரியாக வந்தது. அதனால் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் கண்டக்டர் வந்தார். "ரெண்டு" என்று காசை நீட்டினேன். எனக்கும் பெரியவளுக்கும் எப்போதும் அப்படித்தான் வாங்குவேன். அவர், "கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லம்மா. இன்னொரு டிக்கெட் யாருக்கு?" என்றார்.

பக்கத்து சீட்டைப் பார்த்தேன். பை இருந்தது.

பெரியவள் பூங்காவிலேயே குழாயடியில்தான் நின்றிருக்கிறாள். நீங்கள் எழுதியதை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். குழாயைத் திறந்து தண்ணீரை ஓட விட்டு, அசையாமல் நின்றிருக்கிறாள். தோட்டக்காரர், "ஏ பாப்பா, தண்ணியை வீணாக்காதே, யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்று அதட்டியிருக்கிறார். அப்பா பேர் சொல்லவில்லை, என் பேர் சொல்லவில்லை. "தண்ணி மாமா வீட்டுப் பொண்ணு. பேசாதீங்க, இன்னும் புதுத் தண்ணி வரலை" என்றாளாம். நான் போனபோது பாட்டில் நிறைந்திருந்தது. "இவ்வளவு நேரம் எங்கம்மா போனே?" என்று கேட்டாள். அழக்கூட இல்லை.

இதையெல்லாம் இப்போது அவரிடமும் சொல்லிவிட்டேன். ஒன்றைச் சொல்லவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வரும்போது நான் ஓடவில்லை அண்ணா. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் வந்தேன். சாலையைக் கடக்கும்போது விளக்குக்காக நின்றேன். ஓட வேண்டும் என்று தெரிந்தது. கால் சாதாரணமாகத்தான் போனது.

குழந்தை தொலைந்ததை நினைத்து நான் பயப்படவில்லை. தொலைந்தபோது பயம் வரவில்லையே என்றுதான் பயமாக இருக்கிறது. அதனால்தான் வெளியே போவதில்லை.

பாட்டில் சமையலறை அலமாரியில் இருக்கிறது. கொட்டவில்லை. உங்கள் முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தங்கை

*

ஆகஸ்ட் 11

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து, நான்கைந்து முறை கிழித்துப் போட்டேன். அவற்றில் இருந்தவற்றை நீங்கள் படிக்காததே நல்லது.

சனிக்கிழமை பகல் வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். சேர்ந்தாற்போல் லீவு கேட்டேன். என் மேலதிகாரி காரணம்கூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டான். போகட்டும்.

டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கி வையுங்கள். அவளை நான் கிளப்புகிறேன். சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள். வெளியே இழுப்பது என் வேலைதான்.

ஜன்னல் பக்கத்து நாற்காலி இன்னும் இருக்கிறதா? அதை யாரும் நகர்த்த வேண்டாம்.

நீங்கள் அன்று சொன்னதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு
தண்ணி மாமா

*

செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் முழங்கால் வீங்கியிருக்குமே? எங்கள் மாடியை இத்தனை தடவை ஏறி இறங்கினால் வீங்காமல் என்ன செய்யும்!

நாற்காலி உங்களுக்கு என்றுதான் நான் கேட்டிருந்தேன். கடைசியில் அதில் உட்கார்ந்தது நான். நீங்கள் சாயங்காலம் இரண்டையும் கூட்டிக்கொண்டு படியிறங்குவீர்கள். பெரியவள், "மாமா, வா வா வா, நிறுத்து!" என்பாள். நீங்கள், "ஏய், நான் என்ன லாரியா?" என்பீர்கள். பிறகு சத்தம் கேட்காது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். நன்றாக இருந்ததா என்று கேட்டிருந்தீர்கள். தெரியவில்லை அண்ணா. உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் கூட்டிக்கொண்டு போய் வாங்கித்தந்த மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறேன். மெதுவாகத்தான் கேட்கும் என்று டாக்டரம்மா மறுபடி சொன்னார். இப்போதெல்லாம் இரவில் தூக்கம் வருகிறது.

நீங்கள் இருந்த நாள்களில் நீங்களும் அவரும் பேசிக்கொண்டது மொத்தமே, "தண்ணி காயவைக்கட்டுமா?" "வேண்டாம்." அவ்வளவுதானே? நீங்கள் போன மறுநாள் அவர் கொதிகலனுக்கு அடியில் தலையை விட்டு அந்தத் திருகைத் தேடினார். கண்டுபிடித்துவிட்டார்.

நேற்று நான் மட்டும் இரண்டு பேரையும் மேம்பாலம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது படிக்கட்டு முனையில் நின்று எண்ணினேன். "ஒண்ணு, ரெண்டு." பெரியவள் நகரவே இல்லை. "அம்மா, தப்பு. மாமா எண்ணினா மூணு வருமே" என்றாள். "மாமா எப்படி எண்ணுவார்?" என்று கேட்டேன். தம்பியைத் தொட்டாள், தன்னைத் தொட்டாள், என் வயிற்றில் ஒரு குத்து விட்டாள். "மூணு."

நானும் "மூணு" என்று சொன்னேன். அப்போது வேறு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. அது உடனே தெரிந்தது.

தங்கை

*

செப்டம்பர் 30

அன்புள்ள தங்கைக்கு,

முழங்கால் வீங்கித்தான் இருக்கிறது. உன் வீட்டுப் படிகளைக் கட்டியவன் கையில் கிடைத்தால் இரண்டு வார்த்தை கேட்பேன்.

பெரியவள் பிடித்த தண்ணீரை நான் கொண்டுவந்தேன் அல்லவா? இங்கே சோதித்துப் பார்த்தேன். இத்தனை மாதம் மூடிக் கிடந்த தண்ணீர், அலுவலக முறைப்படி அதைச் சோதிக்கவே கூடாது. மேலதிகாரி பக்கத்தில் வந்து நின்று, "எந்த இடத்து சாம்பிள் சார்?" என்றான். "எங்க வீட்டுப் பொண்ணு எடுத்தது" என்றேன். தன் மேஜைக்குப் போய்விட்டான். முடிவு எப்படி இருந்தாலும், பிடித்த முறை சரி என்று அவளிடம் சொல். ஆனால் இனி அம்மா பக்கத்தில் நிற்காமல் எந்தக் குழாயையும் திறக்கக் கூடாது. அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்தாதே. நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் நிறுத்தாதே. அடுத்த மாதக் கடைசியில் மறுபடி வருகிறேன். நாற்காலியில் நீயே உட்கார். எனக்குத் தரை போதும்.

வாசலில் மூன்று என்று எண்ணுவது சரிதான். பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி எண்ணு. மாப்பிள்ளையும் கூட வருகிற நாளில் நாலு என்று எண்ணு. இதை வைத்து நான் அவரோடு சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதே. கூட வருகிற ஆளை எண்ணித்தான் ஆக வேண்டும்.

அண்ணன்